சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கைவேலையும் புலன் விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. இந்த ஆறு வருடத்தில் மற்ற பெற்றோர்கள் என்னிடம் கேட்டது, நான் மற்றவர்களிடம் கேட்டது, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பெரிய செலவோ தனித் திறமையோ இதற்கு வேண்டாம்.

சென்சரி ப்ளே, சென்சரி ப்ளே என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

தண்ணீரில் கையை விட்டு அளைவது, மணலை விரலிடுக்கில் ஒழுகவிடுவது, காகிதத்தைக் கசக்கி அந்தச் சத்தத்தைக் கேட்பது, இதெல்லாம்தான். பெயர்தான் புதிது, பிள்ளைகள் எப்போதும் செய்துகொண்டிருப்பதுதான். தமிழில் புலன் விளையாட்டு என்று சொல்லலாம். பார்ப்பது, கேட்பது, தொடுவது, முகர்வது, சுவைப்பது என்ற ஐந்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. சுற்றுவதும் ஊஞ்சலாடுவதும் அதற்குத் தீனி. இன்னொன்று, என் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறேன் என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லும் உணர்வு. தலையணையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடப்பது, மாவைப் பிசைவது, கனமான வாளியை இழுப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதனால் புலன் விளையாட்டு என்றதும் வண்ண அரிசித் தட்டு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

இந்த எண்ணத்துக்கு வயதும் அதிகம். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கியபோதே கம்பளிப் பந்து, மரக்கட்டை, காகித மடிப்பு, காகித நெசவு எல்லாம் அதில் பாடமாக இருந்தன. 1907-இல் ரோம் நகரில் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் திறந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவிப் படிக்கக் கொடுத்தார். கை தொட்டதை மனம் பிடித்துக்கொள்ளும் என்பதை இவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தே கண்டுகொண்டார்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தானாக உட்கார ஆரம்பித்ததும் தொடங்கலாம். எலினார் கோல்ட்ஷ்மீட் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் உட்காரத் தெரிந்து இன்னும் தவழாத குழந்தைகளுக்காகவே ஒரு கூடை முறையைச் சொன்னார். அகலமான, உயரம் குறைந்த கூடையில் வீட்டுப் பொருட்களைப் போட்டுக் குழந்தைக்கு முன்னால் வைப்பது, அவ்வளவுதான். மரக்கரண்டி, சின்ன உலோகக் கிண்ணம், பெரிய சங்கு, துணிச்சுருள், மென்மையான தூரிகை, கம்பளிப் பந்து போன்றவை. பிளாஸ்டிக் வேண்டாம் என்றார், ஏனென்றால் பிளாஸ்டிக்கில் எதைத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், மணமும் சுவையும் கனமும் சில்லிப்பும் வேறுபடாது. நம் வேலை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. எடுத்துக்கொடுக்க வேண்டாம், ஆட்டிக்காட்டவும் வேண்டாம். என் சின்னவன் எட்டு மாதத்தில் ஒரு உலோகக் கரண்டியை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் இருந்தான். அதற்கு முன் எந்தப் பொம்மையும் அவனை அவ்வளவு நேரம் பிடித்து வைத்ததில்லை.

ஒரு வயதை ஒட்டிப் போடுவதும் எடுப்பதும்தான் பெரிய விளையாட்டு. ஒரு டப்பா, அதில் போடப் பத்து துணித்துண்டுகள், போதும். ஒன்று, ஒன்றரை வயதில் கிறுக்கத் தொடங்குவார்கள். இரண்டு வயதில் கிழிப்பது, ஒட்டுவது, நேர்க்கோட்டைப் பார்த்துப் போடுவது. மூன்றை ஒட்டி வட்டம் வரும், நான்கை ஒட்டிக் கூட்டல் குறி வரும். இது பொதுவான கணக்கு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேகத்தில் போகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான். என்ன செய்வது?

வாயில் வைப்பதும் அவனுக்கு ஒரு வகையில் ஆராய்ச்சிதான். பொதுவாக இரண்டு வயதுக்கு மேல் குறையும், சிலருக்கு மூன்று வரை போகும். அதுவரை வாய்க்குள் போனாலும் ஆபத்தில்லாத பொருளைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. கெட்டித் தயிரில் பீட்ரூட் சாறு கலந்து விரல் வண்ணமாகக் கொடுக்கலாம், வேகவைத்து ஆறிய சேமியாவைக் கொடுக்கலாம். பால், கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இனிப்புக்காகக்கூடத் தேன் சேர்க்கக் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அந்த வயதில் கடுமையான நச்சுநோயை உண்டாக்கும்.

தொண்டையில் சிக்குமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம் இருக்கும். அதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கும் அதிகாரப்பூர்வ உருளையின் விட்டம் 31.7 மி.மீ.தான், வீட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மணி, பொத்தான், கூழாங்கல், பட்டாணி எல்லாம் இந்தச் சோதனையில் அடிபட்டுப் போகும்.

எந்த வயதிலும் என் வீட்டுக்குள் விடாத பொருட்கள் சிலவும் உண்டு. தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பெரிதாகும் ஜெல் மணிகள் முதலாவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றை விழுங்கினால் அது குடலுக்குள் பெரிதாகி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் பெரிய விற்பனை நிறுவனங்கள் 2023-இல் இதைக் குழந்தைகளுக்கான பொருளாக விற்பதையே நிறுத்தின. அடுத்து பட்டன் பேட்டரி. மினுக்கும் அலங்கார விளக்கு, பாடும் வாழ்த்து அட்டை இவற்றுக்குள் இருக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்ன சக்திவாய்ந்த காந்தங்களும் அப்படியே, இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். விதைகளில் குன்றிமணியும் ஆமணக்கும் வேண்டவே வேண்டாம், இரண்டும் கொடிய நஞ்சு. சிவப்பு ராஜ்மாவைக்கூடப் பச்சையாகச் சில மணிகள் மென்று தின்றால் கடும் வாந்தி வரும்.

நீளமாகப் பயமுறுத்திவிட்டேன், தெரியும். ஆனால் இதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் அப்புறம் நிம்மதியாக விளையாட விடலாம்.

ப்ளே டோ என்ற விளையாட்டு மாவை வீட்டில் செய்வது எப்படி? நான் செய்தால் ஒட்டுகிறது.

பெரும்பாலும் வேகவைக்காததால்தான் ஒட்டும். நான் செய்யும் அளவு இது: மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள், வண்ணமும் இப்போதே சேருங்கள். அப்புறம் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் கூழாக இருக்கும், திடீரென்று திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுப் பந்தாக வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் இறக்கலாம். ஆறியதும் நன்றாகப் பிசையுங்கள். அப்போதும் ஒட்டினால் மாவைத் தூவாதீர்கள், மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள். உடைந்து உதிர்ந்தால் சில சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும்.

காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில வாரம் வரும், வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். மாவைக் கெடாமல் வைத்திருப்பது உப்புதான், ஆனால் அதே உப்பால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. துணுக்கு வாய்க்குள் போனால் கரிக்கிறது என்று பிள்ளை துப்பிவிடும், ஆனால் பெரிய கட்டியை விழுங்கினால் உடம்பில் உப்பு ஏறிவிடும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது. வேகவைக்காத செய்முறையில் இன்னொரு சிக்கல், பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம். அதனால்தான் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு நான் அடுப்பில் வைத்த மாவையே சொல்கிறேன்.

இந்த மாவின் கதை எனக்குப் பிடிக்கும். 1930-களில் அமெரிக்காவில் சுவர்த்தாளில் படிந்த கரியைத் துடைக்க ஒரு பிசைந்த மாவை விற்றார்கள். நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் அது விற்காமல் போனது. அந்த நேரத்தில் மழலையர் பள்ளி நடத்திய ஒரு பெண்மணி அதைத் தன் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துப் பார்த்தார். அதுவே 1956-இல் விளையாட்டு மாவாகக் கடைக்கு வந்தது.

மாவைக் கொடுத்தேன், உருட்டிவிட்டு ‘அடுத்து என்ன’ என்கிறாள்.

மாவோடு என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாங்கிய அச்சு கொடுத்தால் நட்சத்திரம் மட்டும்தான் வரும். பழைய சீப்பு, குச்சி, இலை, பாட்டில் மூடி, முள்கரண்டி, பூண்டு நசுக்கி கொடுத்துப் பாருங்கள். பூண்டு நசுக்கியிலிருந்து மாவு முடிமுடியாக வெளியே வரும்போது எங்கள் வீட்டில் இன்றும் கத்துகிறார்கள். நீங்களும் ஒரு உருண்டையை எடுத்துப் பேசாமல் எதையாவது செய்துகொண்டிருங்கள், அவளுக்குச் செய்து கொடுக்க மட்டும் வேண்டாம். நீங்கள் அழகான யானை செய்துவிட்டால் அவள் தன்னுடையதை ஒதுக்கிவைத்துவிட்டு ‘நீயே செய்’ என்பாள். நான் அப்படி ஒரு முழுவாரம் யானை செய்திருக்கிறேன், அவள் கை மாவையே தொடவில்லை.

சோளமாவுச் சேறு என்று ஒன்று சொன்னார்கள், அது என்ன?

சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளோர், இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கலந்து பாருங்கள். மெதுவாக விரலை விட்டால் திரவம்போல உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். கையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால் பந்து, விட்டால் ஒழுகிவிடும். மாவுத் துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும்வரை அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், சட்டென்று அழுத்தினால் தண்ணீர் விலகித் துகள்கள் நெருக்கியடித்து இறுகிக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கம் வேண்டாம், அவனே பத்து முறை குத்திப் பார்ப்பான், அதுதான் விளக்கம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம், இதைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், அடியில் படிந்து குழாயை அடைக்கும். தட்டிலேயே காயவிட்டால் பொடியாகிவிடும், தட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். துணியில் பட்டாலும் காய்ந்ததும் உதிர்ந்துவிடும்.

சாப்பாட்டுப் பொருளை விளையாடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வர வேண்டியதில்லை. அந்த உணர்வை மதித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தண்ணீர், மணல், களிமண், உலர்ந்த இலை, நறுக்கிய காகிதம், பஞ்சு, துணித்துண்டு, இவை எதுவும் தட்டிலிருந்து வருவதில்லை. பெரிய அட்டைப்பெட்டியில் கிழித்த செய்தித்தாளை நிரப்பி அதில் நாலு பொம்மையை ஒளித்து வையுங்கள், ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும். அதிலும் அந்தக் காகிதத்தைப் பிள்ளைகளே கிழிக்கட்டும். ஒரு கை பிடிக்க மறு கை இழுக்க, இரண்டும் வேறு வேறு வேலையைச் சேர்ந்து செய்யப் பழகும். சட்டைப் பொத்தான் போடுவதற்கும் கத்தரிக்கோல் பிடிப்பதற்கும் இது நல்ல தயாரிப்பு.

நான் அரிசியை ஒரே ஒரு தடவை வண்ணம் ஏற்றினேன். ஒரு கப் அரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், சில சொட்டு உணவு வண்ணம், மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்கித் தாளில் பரப்பிக் காயவைத்தது. உலர்வாக மூடி வைத்திருப்பதால் ஒரு வருடத்துக்கு மேலாக அதேதான் ஓடுகிறது. கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

தண்ணீர் கொடுத்தால் வீடே நனைகிறது. ஆனாலும் கொடுக்கலாமா?

கொடுங்கள். எனக்கு ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தண்ணீரைத்தான் சொல்வேன். குளியலறையிலோ வெளியிலோ ஒரு அகலமான பாத்திரத்தில் நாலு விரல்கடைத் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு ஸ்பான்ஞ். ஊற்றுவதும் பிழிவதும் கையின் பலத்தையும் கண்ணின் அளவையும் ஒருசேரப் பழக்கும். எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் அவர்களையே சொல்லச் சொல்லிவிட்டுப் போட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழம் மிதக்கிறது, சின்னக் கூழாங்கல் மூழ்குகிறது, ஏன் என்று என் மகள் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு கணம்கூட விலகக் கூடாது. 5 செ.மீ. ஆழம்கூடச் சின்னக் குழந்தை மூழ்கப் போதும், அதுவும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். போன் அடித்தால் அடிக்கட்டும். கதவு தட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாட்டு முடிந்ததும் முதல் வேலை தண்ணீரைக் கொட்டுவது.

ஐஸ் விளையாட்டும் இதோடு சேர்த்தி. ஒரு பெரிய பொம்மையைக் கிண்ணத்துத் தண்ணீரில் உறையவைத்துக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி விடுவிக்கச் சொல்லுங்கள். உப்புத் தூவினால் சீக்கிரம் கரையும் என்பார்கள், உண்மைதான், ஆனால் உப்பும் ஐஸும் சேர்ந்தால் சாதாரண ஐஸைவிட மிகவும் குளிர்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும். அதனால் சின்னவர்களுக்கு உப்பில்லாமலே.

வண்ணம் தீட்ட என்ன வாங்குவது?

அதிகம் வேண்டாம். தடிமனான க்ரேயான் ஒரு பெட்டி, கழுவினால் போகும் வண்ணம் மூன்று (சிவப்பு, மஞ்சள், நீலம்), கனமான தாள். மற்ற நிறங்களை அவர்களே கலந்து கண்டுபிடிக்கட்டும், மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையான அந்த நிமிடத்தை நாம் பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்கிக் கொடுத்துப் பறித்துவிடக் கூடாது. தூரிகைக்குப் பதில் ஸ்பான்ஞ் துண்டு, பழைய பல்துலக்கி, உருட்டிய துணி எல்லாம் கொடுங்கள். கழுவினால் போகும் என்று எழுதியிருப்பதும் எல்லாத் துணியிலும் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அலுக்காத மூன்றைச் சொல்கிறேன். வெள்ளை க்ரேயானால் வெள்ளைத் தாளில் நீங்கள் ரகசியமாகப் படம் போட்டுக் கொடுங்கள், நீர் வண்ணத்தைப் பூசினால் மெழுகு இருந்த இடம் மட்டும் ஒட்டாமல் படம் வெளியே வரும். அடுத்து, வெள்ளைப் பசையால் கோடு இழுத்து அதன் மேல் உப்பைத் தூவி, தூரிகை நுனியால் நீர் வண்ணத்தை ஒரு சொட்டு வையுங்கள், உப்பு வழியாக வண்ணம் தானாக ஓடும். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசிக் காயவையுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு அதில் வரைந்தால் கோடு சிவப்பாகும். மேலே எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். துணியில் மஞ்சள் பட்டுவிட்டால் துவைத்து வெயிலில் போடுங்கள், மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும்.

கிளிட்டர்? நான் வாங்குவதில்லை. கண்ணில் பட்டால் உறுத்தும், பெரும்பாலானது பிளாஸ்டிக் துகள், கழுவினால் தண்ணீரோடு போய்ச் சேரும்.

கத்தரிக்கோல் எப்போது கொடுக்கலாம்?

இரண்டரை, மூன்று வயதில் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலைக் கொடுக்கலாம், நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தாளைவிட, உருட்டி வைத்த மாவை வெட்டுவது முதல் பாடத்துக்கு நல்லது. அப்புறம் விரல் அகலத் தாள்பட்டை, ஒரே வெட்டில் துண்டாகும். கோட்டின் மேல் வெட்டுவது நான்கு வயது விஷயம். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் தேடி வாங்குங்கள், மற்றதில் அந்தப் பிள்ளைக்கு வெட்டும் இடமே சரியாகத் தெரியாது.

மணி கோர்க்கும் விளையாட்டு?

மூன்று வயதுக்கு மேல், பெரிய துளை, தடித்த நூல். நூல் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும். சின்னவர்களுக்குக் கயிறே இல்லாமல், மாவில் நட்ட குச்சியில் அட்டை வளையங்களை மாட்டச் சொல்லலாம்.

ஸ்லைம் செய்து தரச் சொல்லி அடம் பிடிக்கிறாள்.

ஸ்லைம் என்ற அந்த வழுவழுப்பான கூழ், வெள்ளைப் பசையின் நீளமான மூலக்கூறுகளைப் போராக்ஸ் (வெங்காரம்) போன்ற ஒரு பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துச் செய்வது. அந்தப் போராக்ஸ் தோலையும் கண்ணையும் உறுத்தும், விழுங்கினால் நச்சு. காண்டாக்ட் லென்ஸ் திரவத்தில் செய்வதிலும் அதே குடும்பத்துப் பொருள்தான் வேலை செய்கிறது. ஐந்து வயதுக்குள் வேண்டாம் என்பது என் முடிவு, அதற்குப் பதில் மேலே சொன்ன சோளமாவுச் சேறு கொடுங்கள். வழுவழுப்பும் ஒழுகலும்தான் அவளுக்கு வேண்டியது, அது இதிலும் இருக்கிறது.

கையில் ஏதாவது ஒட்டினால் அழுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. என் சின்னவன் இப்படித்தான் இருந்தான். ஒரு உறவினர் ‘பழகிவிடும்’ என்று அவன் கையைப் பிடித்து வண்ணத்தில் அழுத்தினார், அப்புறம் இரண்டு மாதம் வண்ணப் பெட்டியைப் பார்த்தாலே அறையை விட்டு ஓடினான். அந்த இரண்டு மாதமும் எனக்கு இன்னும் வலிக்கிறது. திரும்ப அவனைக் கொண்டுவந்தது சின்னச் சின்னப் படிகள்தான். முதலில் வண்ணத்தை ஜிப் பையில் போட்டு மூடி மேசையில் ஒட்டிக் கொடுத்தேன், கை நனையாமல் விரலால் அழுத்தி வரையலாம். அடுத்து கரண்டியால், அடுத்து நீளத் தூரிகையால். பக்கத்தில் ஈரத்துணி எப்போதும் இருக்கும், வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததுமே பாதி பயம் போய்விட்டது. ஒரு நாள் அவனாகவே ஒற்றை விரலை விட்டான். நான் மூச்சுக்கூட விடவில்லை.

உலர்ந்த பொருள், அப்புறம் ஈரம், கடைசியில் பிசுபிசுப்பு என்ற வரிசையில் போனால் பெரும்பாலானவர்களுக்குச் சுலபம். ஆனால் உடை, குளியல், முடி வெட்டுவது, சாப்பாடு என்று எல்லாவற்றிலும் தொடுதல் தாங்காமல் அன்றாடமே சிரமமாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்.

அரை மணி நேரம் தயார் செய்கிறேன், ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறான்.

அரை மணி நேரம் தயார் செய்யாதீர்கள். மனதாரச் சொல்கிறேன், நம் ஏமாற்றம் அந்த அரை மணி நேரத்திலிருந்துதான் வருகிறது. இரண்டு நிமிடத்தில் எடுத்து வைக்க முடிவதை மட்டும் செய்யுங்கள். இரண்டு வயதுக்கு ஐந்து நிமிடம் நல்ல நேரம்தான். அப்படியே விட்டு வையுங்கள், பலமுறை அவர்களே திரும்பி வருவார்கள். நாளைக்கும் அதையே வையுங்கள், மறுநாளும். புதிது வேண்டும் என்பது பெரும்பாலும் நம் தேவை, பிள்ளைக்குத் தெரிந்ததைத் திரும்பச் செய்வதில்தான் ருசி.

படத்தில் பார்த்த மாதிரி வரவே இல்லை. நான் திருத்திக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் திருத்தியிருக்கிறேன். வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கையையும் மகள் ஒரே பக்கம் ஒட்டினாள், அவள் தூங்கியதும் பிரித்துச் சரியாக ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்துவிட்டு ‘இது என்னுடையது இல்லை’ என்றாள். ஒட்டியது கோணலாக இருந்தாலும் பசையைத் தேய்த்தது, எங்கே வைப்பது என்று யோசித்தது, விரலால் அழுத்திப் பிடித்தது எல்லாம் அவள் வேலை. நான் ஒரு நிமிடத்தில் அதை அழித்துவிட்டேன்.

கோணலும் கிறுக்கலும் வெறும் தவறு இல்லை. ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகின் பல பகுதிகளிலிருந்து சுமார் பத்து லட்சம் குழந்தை ஓவியங்களைச் சேர்த்துப் பார்த்து, கிறுக்கல்களுக்குள்ளேயே 20 அடிப்படை வகைகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். புள்ளி, கோடு, வளைவு, சுழல் என்று போய் அவற்றிலிருந்துதான் வட்டமும், வட்டத்துக்குக் கையும் காலும் முளைத்த மனிதனும் வருகிறார்கள்.

‘என்ன இது?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். சில நேரம் அது எதுவுமே இல்லை, வெறும் சுற்றுதான், கேட்டதும் பிள்ளை ஏதோ ஒரு பதிலைத் தேட வேண்டியிருக்கிறது. ‘இங்கே பெரிய சுற்றாகப் போட்டிருக்கிறாயே’, ‘நீலத்தின் மேல் சிவப்பு வைத்திருக்கிறாய்’ என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். சொல்ல அவர்களுக்கு ஏதாவது இருந்தால் அவர்களே ஆரம்பிப்பார்கள். மாதிரி ஒன்றைச் செய்து முன்னால் வைப்பதையும் விட்டுவிட்டேன், பொருளை மட்டும் வைக்கிறேன்.

இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே நேரத்தில் எப்படி?

சின்னவருக்குப் பாதுகாப்பானதுதான் பொது மேசையில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி, கத்தரிக்கோல் போன்ற பெரியவரின் சாமான்கள் சின்னவர் தூங்கும்போது, அல்லது எட்டாத உயரமான மேசையில். மாவும் தண்ணீரும் இருவருக்கும் பொருந்தும், பெரியவர் கடை நடத்துவார், சின்னவர் வாங்கித் தின்பதுபோல் நடிப்பார்.

சுத்தம் செய்வதை நினைத்தாலே கை வரவில்லை.

தரையில் ஒரு பழைய படுக்கை விரிப்பு, அதற்கு நடுவில் ஓரம் உயர்ந்த அகலமான டப், பக்கத்தில் ஈரத்துணி. முடிந்ததும் விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது. சாமான் விரிப்பைத் தாண்டினால் விளையாட்டு நிற்கும் என்று அமைதியாகச் சொல்லி அப்படியே செய்யுங்கள், இரண்டு மூன்று முறையில் புரிந்துகொள்வார்கள். துடைப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும், சின்னத் துடைப்பமும் ஸ்பான்ஞும் கொடுத்துப் பாருங்கள், என் மகன் விளையாட்டைவிட அதைத்தான் நீண்ட நேரம் செய்கிறான்.

வேலைக்குப் போய்விட்டு வருகிறேன், தினமும் முடியவில்லை.

தினமும் வேண்டாம். சட்டியில் காயைப் போட்டுவிட்டுத் தோலை அவர்களிடம் கொடுங்கள், கிழித்து முகர்ந்து பார்க்கட்டும். துவைத்த காலுறைகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது இரண்டு டம்ளர். இதுவும் கணக்கில் வரும்தான்.

செய்ததை எல்லாம் எத்தனை நாள் வைத்திருப்பது?

ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். நிரம்பினால் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நான் பத்திரமாக வைக்க நினைத்ததை மகள் போகச் சொல்வாள், வெறும் கிழிந்த காகிதத்தை எடுத்து மறுபடி உள்ளே வைப்பாள். அந்த வண்ணத்துப்பூச்சியை இரண்டு இறக்கையும் ஒரே பக்கமாக மறுபடி ஒட்டச் சொல்லிக் கேட்டேன், ஒட்டினாள், இப்போது அது பெட்டிக்கு அடியில் இருக்கிறது.